மனதுக்கும் ஒரு சங்கற்பம்

ஆலயத்திலே அர்ச்சனை செய்விக்க வரும் அடியார் தமது பெயரையும் நட்சத்திரத்தையும் சிவாச்சாரியாரிடம் கூறுகின்றார். சிவாச்சாரியார் காலத்தையும் இடத்தையும் சொல்லி, இன்ன பெயரும் இன்ன நட்சத்திரமும் உடைய இவ்வடியார் இன்ன பலனைக் குறித்து இவ்வழிபாட்டை இயற்றுகின்றார் என மொழிந்த பின்னரே பூசையைத் தொடங்குகின்றார். இதனைச் சங்கற்பம் என்பர். எல்லாம் அறிந்த இறைவனுக்குப் பெயரும் ஊரும் தெரியாதா என்று சிறுவர்கள் கேட்பதுண்டு. இறைவனுக்கு அறிவிப்பதற்காகச் சங்கற்பம் செய்யப்படுவதில்லை. செய்பவன் யார், எங்கே நிற்கின்றான், எதற்காக இதனைச் செய்கின்றான் என்பவற்றை அவன் தானே தெளிந்து கொள்வதற்காகவே அது செய்யப்படுகின்றது. தெளிவின்றித் தொடங்கும் காரியம் நிறைவு பெறுவதில்லை என்பது ஆன்றோர் கண்ட உண்மை.

பூசைக்குச் சங்கற்பம் உண்டு. விரதத்துக்குச் சங்கற்பம் உண்டு. நாளாந்தம் நூறு கவலைகளைச் சுமந்து அல்லலுறும் மனதுக்கு மட்டும் ஏன் ஒரு சங்கற்பம் இல்லை? இக்கேள்வி இன்று சண்டிலிப்பாய் போன்ற ஒவ்வொரு கிராமத்திலும் எழ வேண்டிய கேள்வியாகும்.

கல்வளைப் பிள்ளையார் சந்நிதியிலும் சீரணி நாகபூஷணி அம்மன் சந்நிதியிலும் கண்களை மூடி நிற்பவர்களின் நெஞ்சங்களைத் திறந்து பார்க்க முடியுமானால், அங்கே பெருந்துன்பங்களை விடச் சிறு கவலைகளே நிறைந்திருக்கக் காணலாம். கிண்டிய வெங்காயத்துக்குச் சந்தையில் என்ன விலை கிடைக்குமோ என்பது ஒருவரின் கவலை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் பிள்ளை வெட்டுப்புள்ளியைத் தாண்டுமோ என்பது இன்னொருவரின் ஏக்கம். வாரந்தோறும் வாசலுக்கு வரும் நுண்கடன் தவணை, கனடாவிலுள்ள மகனிடமிருந்து வராத தொலைபேசி அழைப்பு, படுக்கையிலுள்ள மாமியாரைப் பராமரிக்கும் மருமகளின் களைப்பு, வெளிநாடு போவதா இங்கேயே இருப்பதா என்று முடிவெடுக்க முடியாத இளைஞனின் தவிப்பு என இப்பட்டியல் நீளும். இவற்றுள் ஒன்று மட்டும் வந்தால் தாங்கிக் கொள்ளலாம். எல்லாம் ஒரே நாளில் ஒரே தலையில் வந்து இறங்கும்போதுதான் மனம் நெருக்குண்கின்றது. இதனையே உளநல அறிஞர் மனநெருக்கீடு என்கின்றனர்.

எல்லாம் அவன் செயல் என்றால்

சமய நம்பிக்கையுடைய ஒருவருக்கு இங்கே ஒரு தடை எழுவது இயல்பு. எல்லாம் அவன் செயல் என்று நம்புகின்றவன் தன் மனதுக்கெனத் தனியாக ஒரு திட்டம் வகுக்கலாமா? அது இறைவனிடம் நம்பிக்கையில்லாத செயலாகாதா? கற்பூர ஆராத்தியில் கவலைகளைக் கரைத்துவிட்டு வருவது போதாதா?

இக்கேள்வியை எளிதிற் புறந்தள்ளிவிட முடியாது. ஏனெனில் ஊரிலே இருவகை மனிதர்கள் காணப்படுகின்றனர். எல்லாவற்றையும் ஆண்டவன் பார்த்துக் கொள்வான் என்று சொல்லி, கடனையும் நோயையும் குடும்பப் பிணக்கையும் நாளை நாளை எனத் தள்ளிப் போடுபவர் ஒருவகையினர். எல்லாம் தம்மாலேயே நடக்கின்றன என்று எண்ணி, மழை பெய்யாததற்கும் மகள் பரீட்சையில் தவறியதற்கும் கூடத் தம்மையே நொந்து, இரவில் உறக்கமின்றிப் புரள்பவர் மற்றொரு வகையினர். முதலாமவர் பக்தர் போலவும் இரண்டாமவர் பொறுப்புள்ளவர் போலவும் தோன்றுவர். ஆழ்ந்து நோக்கினால் இருவரும் ஒரே தவறையே செய்கின்றனர் என்பது புலப்படும். தம் பங்கு எது, தமக்கு அப்பாற்பட்டது எது என அவர்கள் பிரித்தறியவில்லை.

இப்பிரிப்பைச் சைவசித்தாந்தம் தெளிவாகச் செய்து வைத்திருக்கின்றது. வினையை அது சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாக வகுக்கும். ஒரு தோட்டக்காரனின் வாழ்வைக் கொண்டே இதனை விளங்கிக் கொள்ளலாம். கொட்டிலிலே சேமித்து வைக்கப்பட்டுள்ள விதை போன்றது சஞ்சிதம். ஏற்கெனவே நட்டு, முளைத்து, இன்று அறுவடைக்கு நிற்கும் பயிர் போன்றது பிராரத்தம். அது நல்ல விளைச்சலோ நலிந்த விளைச்சலோ, அதனைத்தான் இந்தப் போகத்தில் அறுக்க வேண்டும். ஆகாமியமோ இன்று அவன் கையில் எடுத்து விதைக்கும் விதை. எதை விதைப்பது, எப்படி விதைப்பது என்பது இக்கணத்தில் அவனிடம் விடப்பட்டுள்ளது. உயிருக்கு இச்சை, ஞானம், கிரியை என்னும் ஆற்றல்கள் உண்டு என்றும், இறைவன் அவற்றை விளக்கி நிற்கின்றான் என்றும் சித்தாந்தம் கூறுவதன் பயனும் இதுவேயாம். அறியவும் விரும்பவும் செயற்படவும் உயிருக்கு ஆற்றலை விளக்கித் தந்தவன், அதனைப் பயன்படுத்தாது கைகட்டி நிற்பதை வழிபாடாக ஏற்பானா?

திருவள்ளுவர் 38ஆவது அதிகாரமாக ஊழை வைத்தார். ஊழின் வலிமையை அங்கே மறைக்காது கூறினார். ஆயினும் அதனோடு நிறுத்திவிடாது, 62ஆவது அதிகாரமாக ஆள்வினையுடைமையையும் அதற்கு அடுத்ததாக இடுக்கண் அழியாமையையும் அமைத்தார். முயற்சியை முதலில் வைத்து, துன்பத்தில் உடைந்து போகாதிருத்தலை அதன் பின்னே வைத்த ஒழுங்கு சிந்திக்கத்தக்கது. முயன்றவனே முயற்சி கைகூடாதபோது உடையாமல் நிற்கவும் கற்றுக்கொள்கின்றான்.

உலகின் மறுகோடியிலும் இதே சிந்தனை தோன்றியது. உரோமப் பேரரசில் அடிமையாக வாழ்ந்து பின்னர் விடுதலை பெற்ற எபிக்டெட்டஸ் என்னும் ஞானி, மனிதனின் ஆளுகைக்கு உட்பட்டவை எவை, உட்படாதவை எவை எனப் பிரித்தறிவதே அமைதியின் தொடக்கம் எனப் போதித்தார். கால் ஊனமுற்றிருந்த அவ்வடிமைக்குத் தன் உடல் கூடத் தன் வசமில்லை என்பது அனுபவத்தில் தெரிந்திருந்தது. ஆனால் நிகழ்வதைத் தான் எவ்வாறு ஏற்கின்றேன் என்பது தன் வசமே என்பதில் அவர் உறுதியாக நின்றார்.

உடல் அறியும் உண்மை

மனநெருக்கீடு மனதோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. அமெரிக்க உடற்றொழிலியல் அறிஞர் வோல்டர் கனன் 1915இல் வெளியிட்ட நூலில், அச்சமும் சினமும் ஏற்படும்போது உடல் எவ்வாறு போரிடவோ தப்பியோடவோ ஆயத்தமாகின்றது என்பதை விளக்கினார். இதயம் விரைவாகத் துடிக்கின்றது. மூச்சு மேலெழுகின்றது. தசைகள் இறுகுகின்றன. சமிபாடு மந்தமாகின்றது. 1936இல் கனடாவின் மொன்றியலில் ஆய்வு செய்த ஹான்ஸ் செலியே, நெருக்கீடு நீண்டு செல்லும்போது உடல் முதலில் எச்சரிக்கையடைந்து, பின்னர் எதிர்த்து நின்று, ஈற்றில் களைத்துப் போகின்றது எனக் காட்டினார்.

பாம்பைக் கண்டு ஓடுபவனுக்கு இவ்வேற்பாடு உயிர் காக்கும் வரம். பாம்பு போன பின் உடலும் பழைய நிலைக்கு வந்துவிடும். கடன் தவணை பாம்பைப் போல வந்து போவதில்லை. அது இரவும் பகலும் வாசலிலேயே இருக்கின்றது. எனவே உடலும் இரவு பகலாக ஓட ஆயத்தமாகவே நிற்கின்றது. தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, நாரி நோவு, வயிற்றெரிவு, உறக்கமின்மை, காரணமில்லாத கோபம் என இது வெளிப்படும். இவற்றோடு வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காத்திருப்போருட் பலர் தமது வலியின் வேர் மனதிலுள்ளது என்பதை அறிவதில்லை. அவ்வலி பொய்யன்று. மனதின் சுமையை உடல் தாங்குவதன் அடையாளமே அது.

இம்மண் கற்ற பாடம்

நெருக்கீட்டைப் பற்றி யாழ்ப்பாணத்தவர் பிறரிடம் கேட்டு அறிய வேண்டியதில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவில் வலிகாமத்தின் கிராமங்கள் வெறுமையாயின. கொட்டும் மழையில், சைக்கிளில் ஏற்ற முடிந்ததை மட்டும் ஏற்றிக்கொண்டு, முதியோரையும் குழந்தைகளையும் அழைத்தபடி இலட்சக்கணக்கானோர் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். அடுத்த ஆண்டு திரும்பி வந்தவர்கள் கூரையில்லாத வீடுகளையும் பற்றை மண்டிய வளவுகளையும் கண்டனர். அந்த இரவை இன்றும் கனவில் காண்போர் ஊரிலே உள்ளனர்.

அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் உளநல வைத்தியர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். ஆயிரக்கணக்கானோருக்குத் தனித்தனியே சிகிச்சை அளிப்பது இயலாத காரியமாக இருந்தது. யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்களும், உளமருத்துவ நிபுணர் சிவயோகன் அவர்களும், சாந்திகம் நிறுவனத்தினரும் வேறொரு வழியைத் தெரிந்தெடுத்தனர். ஆசிரியர்கள், கிராம மட்ட ஊழியர்கள் முதலானோருக்குப் பயிற்சி அளித்து, அவர்கள் மூலம் மக்களைச் சென்றடைவதே அவ்வழியாகும். அதற்கென ‘தமிழ் சமுதாயத்தில் உளநலம்’ என்னும் கைநூல் 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. அகதிகளின் உளநலம் பற்றி உலக சுகாதார நிறுவனம் முதலியன தயாரித்த கைநூலைத் தழுவி, இம்மண்ணின் பண்பாட்டுக்கு ஏற்ப அது ஆக்கப்பட்டிருந்தது.

அவர்கள் மக்களிடம் கொண்டு சென்ற தளர்வுப் பயிற்சிகள் பெரும்பாலும் புதியவையல்ல. மூச்சை நெறிப்படுத்தும் பிராணாயாமம், ஒரு திருநாமத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் செபம், உடலைத் தளர்த்திக் கிடக்கும் சாந்தியாசனம், தியானம், எண்ணெய் தேய்த்தல் ஆகியனவே அவை. சைவருக்குச் சிவநாமம் போலக் கத்தோலிக்கருக்குச் செபமாலையும் இசுலாமியருக்குத் திக்ரும் பௌத்தருக்கு மூச்சில் கவனம் வைக்கும் தியானமும் பயன்படும் என அவர்கள் கண்டனர். போருக்கு முன் மூதாதையர் விட்டுச் சென்ற பழக்கங்கள் போருக்குப் பின் மருந்தாயின.

2001ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ இதழொன்றில் இத்தாலியரான பேர்னார்டி குழுவினர் வெளியிட்ட ஆய்வும் இதற்குத் துணை நிற்கின்றது. இலத்தீன் மொழியில் செபமாலை சொல்லும்போதும் யோக மந்திரம் ஒன்றை உச்சரிக்கும்போதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு தடவையாகக் குறைந்தது என்றும், அதனால் இதயத்தின் இயக்க ஒழுங்கு நன்மையடைந்தது என்றும் அவர்கள் கண்டனர். செபம் செய்யும் பாட்டி ஆய்வுகூடத்துக்குச் சென்றதில்லை. ஆனால் உருத்திராக்க மாலையை உருட்டும் அவரின் மூச்சுக்கு இவ்வுண்மை தெரிந்திருந்தது.

சங்கற்பம் செய்யும் முறை

அவ்வாறாயின், ஒருவர் தம் மனதுக்கான சங்கற்பத்தை எவ்வாறு அமைத்துக் கொள்வது? எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத் தலைவியைக் கருதலாம். கணவர் மத்திய கிழக்கிலே தொழில் செய்கின்றார். மகள் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கின்றாள். மாமியாருக்கு நீரிழிவு. வீடு திருத்துவதற்குப் பெற்ற கடன் முடியவில்லை. விடியற்காலை நாலரை மணிக்கு எழும் அப்பெண் இரவு பத்தரை மணிக்கே படுக்கைக்குச் செல்கின்றாள். அண்மைக் காலமாக மகளோடு எரிந்து விழுகின்றாள். பின்னர் அதற்காகக் குசினியில் நின்று அழுகின்றாள்.

முதலாவது படி, எழுதுதல். மனதுக்குள் சுழலும் கவலைகளை ஒரு கொப்பியில் ஒவ்வொன்றாக எழுதிவிட வேண்டும். தலைக்குள் நூறாகத் தோன்றியவை தாளிலே ஏழோ எட்டோ தான் இருக்கும். இருளிலே பூதமாகத் தெரிந்தது வெளிச்சத்தில் வேலிக் கதிகாலாகத் தெரிவது போன்றது இது.

இரண்டாவது படி, பிரித்தல். எழுதியவற்றை இரு பக்கமாக வகுக்க வேண்டும். கணவரின் ஒப்பந்தம் நீடிக்குமா, பரீட்சைத் தாளில் என்ன கேள்வி வரும், மாமியாரின் வயது, விலைவாசி ஆகியவை அறுவடைக்கு நிற்கும் பயிரைப் போன்றவை. அவளால் இன்று மாற்ற இயலாதவை. அவை ஒரு பக்கம். கடன் கொடுத்த நிறுவனத்துடன் தவணை பற்றிப் பேசுதல், மகள் படிக்கும் நேரத்தில் தொலைக்காட்சியை நிறுத்துதல், மாமியாரின் கிளினிக் நாளுக்கு மைத்துனரையும் உதவிக்கு அழைத்தல் ஆகியவை இன்று விதைக்கக் கூடியவை. அவை மறுபக்கம். முதற்பக்கத்தை இறைவனின் திருவடியில் வைத்து வணங்கலாம். இரண்டாம் பக்கத்தை அவன் திருவடியில் வைத்துவிட்டு வந்துவிட முடியாது. அது அவன் அவளிடம் ஒப்படைத்த பணி.

மூன்றாவது படி, உடலுக்கு உரியதைக் கொடுத்தல். உறக்கம், நேரத்துக்கு உணவு, சிறிது நடை என்பன ஆடம்பரங்களல்ல. குடும்பத்தினர் அனைவருக்கும் பரிமாறிவிட்டு, எஞ்சியதை நின்றபடி உண்ணும் தாய் தியாகம் செய்வதாகக் கருதப்படுகின்றது. அத்தியாகத்தின் விலையைப் பத்து ஆண்டுகளின் பின் அக்குடும்பமே செலுத்துகின்றது. காலையில் விளக்கேற்றியதும் பத்து நிமிடம் அமர்ந்து, மூச்சை மெதுவாக உள்ளிழுத்து, அதனினும் மெதுவாக வெளிவிட்டு, விருப்பமான திருநாமத்தைச் சொல்லுதல் இப்படியில் அடங்கும். பூரகம், கும்பகம், இரேசகம் என நூல்கள் கூறும் நுட்பங்களுக்கு ஆசிரியர் துணை வேண்டும். மெதுவாக மூச்சு விடுவதற்கு எவர் துணையும் வேண்டியதில்லை.

நான்காவது படி, கைக்கு வேலை கொடுத்தல். திருநாவுக்கரசு நாயனாரின் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. கொடிய சூலை நோய், சமயம் மாறியதால் எழுந்த அரச தண்டனைகள், தம்மைக் காத்து வளர்த்த தமக்கையாரின் துயர் என அவர் கண்டவை சாதாரண துன்பங்களல்ல. அத்தகையவர் தேவாரம் பாடியதோடு நில்லாது, கையில் உழவாரப்படை ஏந்தித் திருக்கோயில் வீதிகளிற் புல்லைச் செதுக்கினார். பாடும் வாய்க்குத் துணையாக உழைக்கும் கையையும் அவர் வைத்துக்கொண்டார். கவலை மேலிடும் மாலைப்பொழுதில் பூங்கன்றுக்குத் தண்ணீர் விடுவதும் கோயில் வீதியைக் கூட்டுவதும் மடப்பள்ளியில் மரக்கறி வெட்டுவதும் சிறு வேலைகளே. எனினும் சுழலும் மனம் பற்றிக்கொள்ள அவை ஒரு கொழுகொம்பாகும்.

ஐந்தாவது படி, ஒருவரிடமாவது பேசுதல். யாழ்ப்பாணத்து ஆலயங்களில் நெடுங்காலம் புராணபடனம் நடைபெற்று வந்தது. ஒருவர் வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, ஊர் கூடியிருந்து கேட்கும். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்தவரின் வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் எனப் பெயரிட்டமை இதனாலேயாம். அங்கே கேட்டவர்கள் கதையை மட்டும் கேட்கவில்லை. படிப்பு முடிந்த பின் தேர்முட்டிப் படியில் அமர்ந்து தம் வீட்டுக் கதையையும் சொல்லிக்கொண்டனர். பக்கத்து வளவில் என்ன துயரம் என்பது அவ்வாறே ஊருக்குத் தெரிந்தது. இன்று ஒவ்வொரு வீட்டிலும் கைத்தொலைபேசி உண்டு. சொல்வதற்கு மனிதர் இல்லை. எனவே நம்பிக்கைக்குரிய ஒருவரின் பெயரைச் சங்கற்பக் கொப்பியில் எழுதி வைத்திருத்தல் வேண்டும்.

ஆறாவது படி, குறித்த நாளில் மீள நோக்குதல். பிள்ளையார் பெருங்கதை விரதத்தை 21 நாள் என வரையறுத்த முன்னோர் மனதின் இயல்பை அறிந்தவர்கள். எல்லையில்லாத உறுதிமொழி விரைவில் தளர்ந்துவிடும். எல்லையுள்ள உறுதிமொழி முடிந்ததும் மகிழ்ச்சி தரும். மனதுக்கான சங்கற்பத்தையும் ஒரு சதுர்த்தியில் தொடங்கி அடுத்த சதுர்த்தி வரை கைக்கொண்டு, பின்னர் எது பயன் தந்தது, எது தரவில்லை எனப் பார்க்கலாம். இடையில் நாலு நாள் தவறியிருந்தால் ஐந்தாம் நாள் மீண்டும் தொடங்கலாம். தவறியதற்காகத் தன்னை வைவது இன்னொரு நெருக்கீட்டையே உண்டாக்கும்.

சொல்லக் கூடாத சொல்

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பிராரத்தம் என்னும் சொல் ஒருவர் தம்மை நோக்கிச் சொல்லிக் கொள்வதற்குரியது. பிறரை நோக்கிச் சொல்வதற்குரியதன்று. காணாமலாக்கப்பட்ட மகனின் நிழற்படத்தை ஏந்திப் பல ஆண்டுகளாக வீதியில் அமர்ந்திருக்கும் தாயிடம் சென்று, எல்லாம் விதி, மறந்துவிடு என்பது சமயமாகாது. அது கொடுமை. மகன் எங்கே என்று கேட்பதே அத்தாயின் ஆகாமியம். அவள் இன்று விதைக்கக் கூடிய ஒரே விதை அது. அதனையும் பறித்துவிட்டு மூச்சுப் பயிற்சி செய் என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை.

அவ்வாறே, 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து விளைச்சல் வீழ்ந்தபோதும், 2022இல் மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றபோதும் கமக்காரர் அடைந்த நெருக்கீடு அவர்களின் மனக்குறையால் வந்ததன்று. புறத்தேயிருந்து வந்த நெருக்கீட்டுக்குப் புறத்தேயும் பரிகாரம் தேட வேண்டும். மன அமைதி அநீதியைப் பொறுத்துக்கொள்ளப் பழக்கும் மயக்க மருந்தாகிவிடக் கூடாது. தெளிந்த மனமே நியாயத்தைத் தெளிவாகக் கேட்கும் என்பதற்காகவே அமைதி வேண்டப்படுகின்றது.

கொழும்புத்துறையில் இலுப்பை மர நிழலில் அமர்ந்து அடியார்களை ஆற்றுப்படுத்திய யோகர் சுவாமிகள் சும்மா இருத்தலைப் பெரிதும் வலியுறுத்தினார். அதனைச் சோம்பியிருத்தலெனப் பலர் தவறாக எண்ணுகின்றனர். அவரே துறவு பூணுமுன் கிளிநொச்சி நீர்ப்பாசனப் பகுதியிற் களஞ்சியப் பொறுப்பாளராகப் பல ஆண்டுகள் கடமை செய்தவர். அவர் வழிவந்தோர் சிவதொண்டையே தம் நெறியாகக் கொண்டனர். கை தொழிலில் இருக்க, மனம் அலையாமல் இருத்தலே சும்மா இருத்தல் எனக் கொள்ளல் பொருந்தும்.

சங்கற்பம் போதாதபோது

சில வேளைகளில் ஒருவர் தாமே வகுத்த எத்திட்டமும் போதாமற் போகும். இரு வாரங்களுக்கு மேலாக எதிலும் விருப்பமின்மை, உறக்கமும் பசியும் அற்றுப் போதல், வாழ்ந்து என்ன பயன் என்னும் எண்ணம், கவலையை மறக்க மதுவை நாடுதல் ஆகியவை தோன்றினால் அது வெறும் நெருக்கீடு அன்று. வைத்திய உதவி பெற வேண்டிய நிலை. காய்ச்சலுக்கு வைத்தியரிடம் செல்பவரின் பக்தியை எவரும் குறைவாக எண்ணுவதில்லை. மனதின் நோய்க்குச் செல்பவரை மட்டும் குறைவாக எண்ணுவது அறியாமை. அயலூரான மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழ் மாணவர்களுக்குக் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அத்தகைய மரபுடைய பிரதேசத்தில் வைத்தியத்துக்கு நாணுவது பொருந்தாது. யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உள்ளன. நேரிற் செல்லத் தயங்குவோர் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்துடன் பேசலாம்.

நம்பிக்கை தரும் ஓர் உண்மையும் இங்கே கூறத்தக்கது. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் அது ஒன்று. கொடிய நச்சுத்தன்மையுள்ள கிருமிநாசினிகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்ட பின்னர் அவ்வீதம் பாதிக்கும் கீழாக வீழ்ந்தது. இதன் பொருள் என்ன? அந்த ஒரு கணத்தின் இருள் நிலையானதன்று. கைக்கு எட்டிய தூரத்தில் அழிவு இல்லாதிருந்தால், அக்கணம் கடந்து செல்கின்றது. மனிதன் மீண்டும் வாழ விரும்புகின்றான். தோட்டம் செய்யும் ஒவ்வொரு வீட்டிலும் கிருமிநாசினியைப் பூட்டி வைத்துத் திறப்பை வேறொருவரிடம் கொடுத்து வைத்தல் மிக எளிய உயிர்காப்புத் தொண்டாகும்.

தன்னைப் பேணுதல் சுயநலமா என்னும் ஐயம் ஈற்றில் எஞ்சலாம். தூண்டாமணி விளக்குத் தனக்காக எண்ணெயைக் கேட்பதில்லை. ஆயினும் எண்ணெய் விடுபவர் ஒருவர் இல்லாவிடில் அது அணைந்து மூலத்தானமே இருண்டுவிடும். குடும்பத்துக்கு ஒளி தருபவரின் மனமும் அத்தகையதே. அதற்கு எண்ணெய் விடுவது ஊருக்கும் உரிய கடமையாகும். திருவிழாக் காலத்தில் காவடிக்குத் தோள் கொடுப்பவர்கள், திருவிழா முடிந்த பின் படலையைத் தட்டி, எப்படி இருக்கின்றீர்கள் என்று கேட்டு, பதில் வரும்வரை பொறுத்து நின்றால், ஆலய வழிபாடு வீதிக்கும் வீட்டுக்கும் விரிந்ததாக அமையும்.

அடுத்த முறை சந்நிதியில் சிவாச்சாரியார் பெயரும் நட்சத்திரமும் கேட்கும்போது, அடியார் ஒருவர் அவற்றைச் சொல்லிவிட்டு, இன்று என் கையிலுள்ளது எது என்று தம் மனதையும் ஒருகணம் கேட்டுக்கொள்வாராயின், அங்கே அவரது சங்கற்பம் தொடங்கிவிட்டது எனலாம். தொடங்கும் காரியங்கள் யாவற்றுக்கும் முன்நிற்கும் விநாயகப் பெருமான், மனங்களின் விக்கினங்களையும் தீர்த்துச் சண்டிலிப்பாய் வாழ் மக்கள் அனைவருக்கும் அருள்பாலிப்பாராக.